அரை கிரவுண்டில் ஒரு வீடு: சென்னைப் புறநகரில் கட்டுவோருக்கு

தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஆவடி, மேடவாக்கம் போன்ற சென்னைப் புறநகர்களில் தனி வீடு கட்ட முனையும் பலரிடம் இருப்பது அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி. அதில் தரைத்தளமும் முதல் தளமுமாக, கான்கிரீட் தூண்களும் செங்கல் சுவர்களும் கொண்ட வீடு எழும்புகிறது. இந்த வேலையின் ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய கட்டத்தை மூடிவிடுகிறது: கடைக்காலை (அஸ்திவாரத்தை) மண் மூடுகிறது, கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது, குழாயைப் பூச்சு மூடுகிறது, பூச்சைப் பெயின்ட் மூடுகிறது. தரை ஓடு பிடிக்கவில்லை என்றால் பத்து ஆண்டு கழித்தும் மாற்றிக்கொள்ளலாம்; தூணுக்குள் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம் குறைந்திருந்தால் மாற்ற முடியாது. எனவே வீட்டுக்காரர் தம் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் டைல்ஸ் கடை அல்ல, எதுவும் மூடப்படுவதற்கு முந்தைய நாளின் கட்டுமான இடம்தான். இக்கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

காகிதங்கள்

பட்டா, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை மனை வாங்கும்போதே பார்த்திருப்பீர்கள். கட்டுவதற்கு முன் இன்னொரு முறை நில அளவை வரைபடத்தை வைத்து மனையின் நான்கு பக்கங்களையும் அளந்து பாருங்கள். பத்திரத்தில் உள்ள அளவுக்கும் தரையில் உள்ள அளவுக்கும் அரை அடி வேறுபட்டாலும், சுற்றுச்சுவர் எழுப்பிய பிறகு அது பக்கத்து வீட்டுக்காரருடன் வழக்காக மாறும்.

வரைபட அனுமதி 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வழங்கப்படுகிறது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டப்படும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறலாம். அரை கிரவுண்டு வீடு இதற்குள் அடங்கிவிடும். முன்னாலும் பக்கங்களிலும் காலியாக விட வேண்டிய இடத்தைக் கழித்தால், 30 அடிக்கு 40 அடி மனையில் ஒரு தளத்துக்குச் சுமார் 700 சதுர அடி கிடைக்கும். சுயசான்று என்பதால் எவரும் வந்து பார்க்கமாட்டார்கள் என்று பக்கவாட்டு இடத்தை விழுங்கிவிடுகிறவர்கள், பிற்பாடு வங்கிக் கடன் மதிப்பீட்டாளர் வரும்போதும் வீட்டை விற்கும்போதும் பதில் சொல்ல நேரிடும். அந்த மூன்றடிச் சந்து இல்லாவிட்டால் வெளிச்சுவரைப் பூசவும் கழிவுக் குழாயைப் பழுது பார்க்கவும்கூட வழியிருக்காது.

ஒப்பந்தக்காரரிடம் சதுர அடிக் கணக்கில் பேசும்போது விலையைவிட, எதையெல்லாம் சதுர அடியாகக் கணக்கிடுவார் என்பதை முதலில் எழுதி வாங்குங்கள். மாடிப்படிக்கு மேலுள்ள அறை, போர்டிகோ, சம்ப் (நிலத்தடி நீர்த்தொட்டி), செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், மூன்றடிக்கு மேல் உயர்த்தும் பேஸ்மென்ட் (வீட்டுத் தரையைத் தாங்கும் மேடை) ஆகியவை உள்ளடக்கமா, தனிக் கணக்கா என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. தவணைகளை மாதக் கணக்கில் வைக்காமல் வேலைக் கட்டங்களோடு பிணையுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை வடகிழக்குப் பருவமழை ஒன்று கடக்கும் வரை நிறுத்தி வைப்பதாகவும் எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் தொடங்குவதில்லை. சாஸ்திரம் ஒரு பக்கம் இருக்க, மழைக்கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. தையில் பூமி பூஜை போட்டால், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் மாசி, பங்குனியில் கடைக்கால் வேலை முடியும். அக்டோபரில் வடகிழக்கு மழை இறங்குவதற்குள் இரண்டு தளங்களும் மூடப்பட்டிருக்கும். ஆவணியில் தொடங்கியவரின் குழிகளில் ஐப்பசியில் தண்ணீர் நிற்கும். மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே கான்கிரீட் போட்டால், சிமென்ட் பாலும் நீரோடு வெளியேறிவிடும்.

மண்

புறநகர் மண் ஒரே மாதிரியானதல்ல. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சில அடியிலேயே பாறை தட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மணல். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியும் பழைய ஏரிப் பாசன நிலங்களிலும் களிமண். மழையில் உப்பி கோடையில் சுருங்கும் களிமண்மேல் ஆழமற்ற கடைக்கால் வைத்த வீட்டில், ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்கள் சில ஆண்டுகளிலேயே தோன்றும். வயலை நிரப்பி உருவாக்கிய மனைப்பிரிவு என்றால் நிரப்பிய மண் எத்தனை அடி என்று கண்டறிய வேண்டும்; கடைக்கால் அதைத் தாண்டி இயற்கையான கெட்டி மண்ணில்தான் உட்கார வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடி தோண்டினார் என்பதால் நாமும் ஐந்தடி என்று மேஸ்திரி சொல்வதை ஏற்றுக்கொள்வது இங்கே வழக்கம். வீட்டின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் மண் பரிசோதனைக்கு ஆகும் தொகை மிகச் சிறியது. அந்த அறிக்கையில் வரும் தாங்குதிறனை வைத்தே கட்டமைப்புப் பொறியாளர் புட்டிங்கின் (தூணின் அடித்தளத்தின்) அளவைக் கணக்கிட முடியும். கெட்டி மண்ணில் தூணுக்கு ஒரு தனிப் புட்டிங் போதும். உப்பும் களிமண்ணில் அண்டர் ரீம்டு பைல் போடுவது நல்லது: பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழம் வரை துளையிட்டு, அடியில் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு அகலமுள்ள குமிழ் அமைத்து, வீட்டை அங்கே நங்கூரமிடும் முறை இது.

கடைக்காலும் பேஸ்மென்டும்

சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டதும் மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே சரியாக 5 அடி வர வேண்டும். செவ்வக வீட்டின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். இங்கே விட்ட இரண்டு அங்குலப் பிசகு, கடைசியில் தரை ஓட்டை ஓரத்தில் சாய்வாக வெட்டும்போதுதான் கண்ணில் படும்.

குழி தோண்டி முடிந்ததும் அடியில் தளர்ந்த மண்ணை வாரிவிட்டு, 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு 4 அங்குலத் தளம் அமைக்கிறார்கள். அதன்மேல் பாய்போல் பின்னிய கம்பி வலை வைக்கப்படும். கம்பி அந்தத் தளத்தைத் தொடாமல், அடியிலும் ஓரங்களிலும் 50 மி.மீ. இடைவெளி இருக்கும்படி கவர் பிளாக் எனும் சிறு கான்கிரீட் கட்டைகளை வைக்க வேண்டும். உடைந்த செங்கல் துண்டையோ ஜல்லியையோ வைத்துத் தூக்கினால் அதன் வழியாகவே ஈரம் கம்பியை அடையும்.

தூணின் கம்பிக்கூட்டை மேலே கொண்டுபோகும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். வளையங்களின் முனைகள் வெறும் செங்கோணமாக நிற்காமல், 135 பாகைக்கு உள்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் நில அதிர்வில் வளையம் பிரியாமல் கம்பிகளைப் பிடித்திருக்கும். தூணும் பீமும் கூடும் இடத்துக்கு அருகில் வளையங்கள் நெருக்கமாக வர வேண்டும். கம்பியைக் கம்பியோடு ஒட்டுப் போடும் நீளம் கம்பியின் விட்டத்தைப் போல் சுமார் 50 மடங்கு, அதாவது 12 மி.மீ. கம்பிக்கு 2 அடி. எல்லா ஒட்டுகளும் ஒரே உயரத்தில் வரக் கூடாது. தரையை ஒட்டியே எல்லாவற்றையும் ஒட்டுப் போட்டுவிடுவது கம்பி கட்டுபவருக்கு எளிது. ஆனால் தூண் பலவீனப்படுவதும் அங்கேதான்.

கம்பி வந்து இறங்கும்போது எடையைச் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பிக்கு இது 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ வர வேண்டும். இதைவிட மிகவும் குறைந்தால், பில்லில் எழுதிய கம்பி வண்டியில் இல்லை.

தரைக்கு மேல் தூண்களை இணைக்கும் பிளிந்த் பீம் போட்டு, உள்ளே கிராவல் அல்லது மணலை நிரப்பி பேஸ்மென்டை உயர்த்துகிறோம். இடித்த வீட்டின் குப்பையையும் தோண்டிய களிமண்ணையும் திரும்ப உள்ளே தள்ளுவது எல்லோரும் செய்யும் சிக்கனம். பின்னால் தரை இறங்கி டைல்ஸ் பெயர்வதற்கு அதுவே காரணம். 6 முதல் 9 அங்குலத்துக்கு ஒரு அடுக்காக நிரப்பி, நீர்விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கரையான் தடுப்பு மருந்தும் இந்தக் கட்டத்தில்தான்.

பேஸ்மென்ட் எத்தனை அடி உயரம் இருக்க வேண்டும் என்பதைப் புறநகரில் சாலை முடிவு செய்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிது போடுவதால் தெரு ஒவ்வொரு முறையும் சில அங்குலம் வளர்ந்துகொண்டே போகிறது; இருபது ஆண்டுக்கு முன் மூன்று படி ஏறிச் சென்ற வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்கிச் செல்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கமும் எந்த அளவுக்கு மூழ்கின என்பதை அங்குள்ள பழைய சுவர்களைப் பார்த்தும் குடியிருப்போரைக் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். அந்த நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது ஓரடி வைத்துத் தரைமட்டத்தைத் தீர்மானியுங்கள். வாசலில் படி அதிகமாகும். வீட்டில் முதியோர் இருந்தால் சரிவுப் பாதைக்கும் இடம் ஒதுக்குங்கள்.

சுவர்

நல்ல செங்கல்லை இரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். நகத்தால் கீறினால் கோடு விழாது. ஒரு நாள் நீரில் ஊறவைத்தால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரை உறிஞ்சாது. கட்டுவதற்கு முன் கல்லை நனைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையிலுள்ள நீரைக் குடித்துவிடும். சிமென்ட் இறுக நீர் மிஞ்சாது. 9 அங்குல வெளிச்சுவருக்கு 1:6 (சிமென்ட், மணல்) கலவை போதும். நாலரை அங்குல உட்சுவருக்கு 1:4 தேவை, இடையிடையே மெல்லிய கான்கிரீட் பட்டையும் தேவை. ஆற்று மணலுக்குப் பதில் இன்று எங்கும் பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட்தான். கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று இறக்கிவிடுவதும் நடக்கிறது. கையில் எடுத்துத் தேய்த்தால் மாவுபோல் ஒட்டும் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள்.

நிலைவாசல் வைக்கும் நாளைக் குடும்பமே கொண்டாடும். அன்று பூவும் மஞ்சளும் குங்குமமும் வைத்த பிறகு, கொத்தனாரிடம் தூக்குக்குண்டை வாங்கி இரு பக்கமும் ஒரு முறை பிடித்துப் பார்ப்பது தவறாகாது. ஏழடி உயரத்தில் லிண்டல் எனும் கான்கிரீட் பட்டை சுவர் நெடுகத் தொடர்ச்சியாக ஓடட்டும். கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் போடுவதில் மிச்சமாகும் தொகையைவிட, தொடர்ச்சியான பட்டை சுவருக்குத் தரும் வலு பெரிது. சன்ஷேடின் அடிவிளிம்பில் ஒரு சிறு பள்ளம் இழுக்கச் சொல்லுங்கள். மழைநீர் சுவருக்கு ஓடி வராமல் அங்கேயே சொட்டி விழும்.

தளம் போடும் நாள்

வீட்டு வேலையில் மிக முக்கியமான ஒரு நாள், கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடும் இந்த நாள்தான். ஆனால் பார்க்க வேண்டியவை எல்லாம் அதற்கு முந்தைய மாலையில் இருக்கின்றன. கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளின் இடுக்குகள் அடைக்கப்பட்டுள்ளனவா, முட்டுகள் நேராகவும் கெட்டித் தரையிலும் நிற்கின்றனவா, கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் போதிய அளவில் உள்ளதா, மேல்கம்பிகள் ஆட்கள் மிதிக்கும்போது கீழே அமுங்காமல் நாற்காலி போல் வளைத்த ‘சேர்’ கம்பிகள் தாங்குகின்றனவா, மின்விசிறிப் பெட்டிகளும் மின்குழாய்களும் வரைபடப்படி உள்ளனவா, குளியலறைக்குத் தளம் இறக்கப்பட்டுள்ளதா என்பவற்றைப் பொறியாளரோடு நடந்து பாருங்கள். பார்த்ததை எல்லாம் படம் எடுத்து வையுங்கள். பால்கனியின் முதன்மைக் கம்பி மேற்புறம் இருக்க வேண்டும். அது மிதிபட்டுக் கீழே போய்விட்டால் பால்கனி வெறும் கான்கிரீட்டின் பலத்தில் தொங்கும்.

இரும்புக் கம்பியோடு சேரும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 456 வகுக்கும் குறைந்தபட்சத் தரம் எம்20. கையால் அளந்து கலந்தால் 1:1½:3. கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். 5 அங்குலக் கனத்தில் 700 சதுர அடித் தளத்துக்குப் பீம்களையும் சேர்த்து 10 கன மீட்டருக்கு மேல் ஆகும் என்பதால், ஒரே நாளில் முடிக்க ஆலையில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்டைப் பலர் விரும்புகிறார்கள். அளவு தவறாது என்பது அதன் நன்மை. நெரிசலில் சிக்கி இறுகத் தொடங்கிய வண்டி வந்து சேர்ந்தால் அதில் தண்ணீர் ஊற்றி இளக்குவது அதன் ஆபத்து.

தண்ணீர்தான் எந்த முறையிலும் முதல் எதிரி. எம்20க்கு ஒரு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கலவை நன்றாக ஓடினால் தள்ளுவது எளிது என்பதால் பணியாளர்கள் ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவார்கள். அந்த வாளி நீர் ஆவியாகிப் போன இடத்தில் நுண்துளைகள் மிஞ்சும், அவற்றின் வழியே மழைநீர் கம்பியைத் தேடிப் போகும். கடற்கரையை ஒட்டிய மனைகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டேங்கர் லாரிதான் வழி. போட்ட கான்கிரீட்டுக்குள் வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக இறக்கி மெல்ல எடுக்க வேண்டும், கான்கிரீட்டைத் தள்ளும் துடுப்பாக அதை ஆக்கக் கூடாது. தூண்களில் ஐந்தடிக்கு மேல் உயரத்திலிருந்து கொட்டினால் ஜல்லி தனியே பிரிந்து, பெட்டியைக் கழற்றும்போது அடியில் தேன்கூடு போல் ஓட்டைகள் தெரியும். அதைச் சிமென்ட் பூசி மறைக்க விடாமல் பொறியாளரை அழையுங்கள்.

மறுநாளே தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். சாதாரண சிமென்டுக்கு 7 நாட்களும், இன்று பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (எரிசாம்பல் கலந்த) சிமென்டுக்கு 10 நாட்களும் குறைந்தபட்சம். 14 நாட்கள் விட்டால் நல்லது. தூண்களைச் சாக்கு சுற்றி நனையுங்கள். தளத்துக்கு நீர் விடுகிறவர்கள் தூண்களை மறந்துவிடுவது எங்கும் நடப்பது. முட்டுகளை எடுக்க, 15 அடிக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்துக்கு 14 நாட்கள், 20 அடிக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாட்கள் என்பது விதி, பி.பி.சி. மெதுவாக வலுப்பெறும் என்பதால் இன்னும் சில நாள் பொறுப்பது நல்லது. வாடகைப் பலகையை அடுத்த வேலைக்குக் கொண்டுபோக அவசரப்படுவார்கள். இந்த ஓரிடத்தில் கறாராக இருங்கள்.

குழாய், கம்பி, பூச்சு

சுவரை வெட்டிப் பதிக்கும் குழாய்களில் பூச்சுக்கு முன் அழுத்த நீர் ஏற்றி ஒரு நாள் விட்டுக் கசிவு பார்க்க வேண்டும். குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சு அடித்தபின் கழிவுத் துளைகளை அடைத்து, இரண்டு நாள் நீர் நிறுத்தி, கீழ்த்தளத்தின் கூரையை நோக்க வேண்டும். மின்சாரத்தில் விளக்குகளுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. கம்பி, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவியும் முறையான எர்த் குழியும் கட்டாயம். நீர் புகும் பகுதி என்றால் மீட்டர் பெட்டியும் தரைத்தள பிளக்குகளும் பழைய வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்கும் சம்ப்பும் ஒரே சிறு மனையில் இடம் பிடிக்க வேண்டும். இரண்டையும் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள். சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால் முதல் வெள்ளத்திலேயே செப்டிக் நீர் குடிநீரில் கலக்கும். வாயை இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். காகிதத்தில் காட்டும் குழியோடு நிறுத்தாமல், மொட்டைமாடி நீர் வடிகட்டி வழியாக உண்மையிலேயே கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகும்படி செய்தால் கோடையில் டேங்கர் செலவு குறையும்.

பூச்சுக்கு முன், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோடுகளில் கோழி வலை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால், வலையில்லாத பூச்சில் நேர்க்கோடாக விரிசல் விழும். பூச்சும் ஒரு வாரம் நனைய வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகே பட்டி, பிரைமர், பெயின்ட்.

மொட்டைமாடிக்குச் சென்னையின் பழைய முறையை இன்னும் நம்பலாம். செங்கல் ஜல்லியும் புளிக்கவைத்த சுண்ணாம்பும் சேர்த்துச் சராசரி 3 அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். அது நீரையும் வெயிலையும் சேர்த்துத் தடுக்கும். அடித்து இறுக்கத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டதால் இன்று நீர்க்காப்பு ரசாயனமும் வெண்ணிறக் கூலிங் டைல்ஸும் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. எதைப் போட்டாலும் 10 அடிக்கு 2 அங்குலம் சரிவும், இலை அடைத்தாலும் நீர் போக இரண்டு வடிகுழாய்களும் இருக்கட்டும்.

தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றி, சொத்து வரி விதிக்கச் செய்து, கிரகப்பிரவேசம் முடித்து, குழாய்களும் மின்குழாய்களும் சுவருக்குள் ஓடும் படங்களைத் துளையிட வரும் ஆட்களுக்குக் காட்டும்படி பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையின் அடிப்புறம், ஜன்னல் ஓரங்கள், குளியலறையின் வெளிச்சுவர், பேஸ்மென்டின் மேல்விளிம்பு ஆகிய நான்கையும் ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் பாருங்கள். ஈரத் திட்டு தெரிந்தால் பென்சிலால் சுற்றிக் கோடிட்டு நாளைக் குறித்து வையுங்கள்; தை பிறந்ததும் ஒப்பந்தக்காரரை அழைத்து அவற்றைச் சரிசெய்ய வைத்து, நிறுத்தி வைத்த தொகையை அப்போது கொடுங்கள்.